என் மகள் என்னை அப்பா என்று சொல்லவில்லை

"இவர் யார், மகள்?"

போன மாதம், கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தில் ஒரு நீதவானின் அறை. சிங்களத்தில் கேட்டவர் நீதவான். பதில் சொல்ல வேண்டியவள் என் மகள் ஆரணி. வயது எட்டு. 'இவர்' என்று விரலால் காட்டப்பட்டவன் நான்.

ஆரணி என்னைப் பார்த்தாள். கதவோரம் நின்ற பொலிஸ்காரரைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரவு நித்திரை கொள்ளும்வரை ஓயாமல் கதைக்கிற பிள்ளை! 'அப்பா' என்ற ஒரு சொல் போதும், கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தச் சொல் வரவில்லை. இதை எழுதும்போதுகூட எழுத்து கோணுகிறது. சில வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்தவர்களுக்கு இதுதான் பதில்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அதற்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை. நாங்கள் வெள்ளவத்தைச் சைவர்கள். வெள்ளியென்றால் பிள்ளையார், செவ்வாயென்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். கொழும்பில் இதொன்றும் புதினமில்லை. கும்பிட்டு முடித்து, ஆரணியும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். யாரோ ஒருவர், தெருவோரம் அநாதையாகக் கிடந்த ஒரு பார்சலைக் காட்டி, குண்டு என்று கத்தினார்.

அவ்வளவுதான். தெரு முழுவதும் ஓடியது. நானும் ஓடினேன், அவள் கையைப் பிடித்தபடி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தபோது என் கையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தது.

பார்சலுக்குள் இருந்தது யாரோ மறந்துவிட்டுப் போன மத்தியானச் சாப்பாடாம். சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல். பிறகு கேள்விப்பட்டேன்.

தேடாத ஒழுங்கையில்லை. கடைசியில் பொலிஸ் நிலையம். "ஓம், சில பிள்ளைகளைக் கூட்டி வந்தோம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. மற்றப் பிள்ளைகள் பேரும் தெருவும் சொன்னார்களாம். ஜீப்பிலேயே கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்களாம். ஒரு பெண்பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, ஆகவே தமிழ். பேசவில்லை, ஆகவே ஊமையாக இருக்கலாம். களனிக்கு அந்தப் பக்கமுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பியாயிற்று. நாளைக்குக் கோட்ஸுக்கு வாருங்கள்.

"ஊமையா? மாத்தயா, அவள் வாய் மூடினால்தான் எங்களுக்குப் புதினம்!" என்றேன்.

"எங்களிடம் மூடினாள்தானே?" என்றார் அவர்.

ஏன் மூடினாள்? அந்தக் கதை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

போன வருடம் என் மனைவி சாந்தாவின் தம்பி வவுனியாவிலிருந்து வந்திருந்தார். தமிழர் வீட்டுக்கு ஆள் வந்தால் உடனே பொலிசில் பதிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பதிவோம் என்று இருந்துவிட்டோம். அடுத்த நாள் பின்னேரம் செக் பொயின்ற்றில் ஓர் ஆமிப் பெடியன், நல்ல பெடியன், ஆரணியின் கன்னத்தைத் தட்டி, "வீட்டில யாரு யாரு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"அம்மா, அப்பா, மாமா. மாமா நேற்றுத்தான் வந்தவர். அவற்ற பெட்டி கட்டிலுக்குக் கீழ இருக்கு!"

மாமா அன்றிரவு பொலிசில் தங்கினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். காக்கிச்சட்டையைக் கண்டால் வாயைத் திறக்கக்கூடாது. பேர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது, அப்பா கதைப்பார். இதற்கு ஒத்திகைகூட நடந்தது. ஆமிக்காரன் நான்தான். வீடு கூட்டுகிற தும்புத்தடிதான் துவக்கு. ஆரணி ஒவ்வொரு முறையும் இறுக்கி வாயை மூடிக்கொண்டு நிற்பாள். சாந்தா கைதட்டுவாள். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டிலும் இந்த நாடகம் ஒரு முறையாவது மேடையேறியிருக்கும்.

அன்றிரவு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனபோது சாந்தா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நல்லாப் பழக்கினனாங்கள் என்ன... பிள்ளை பாஸ்" என்றாள். பிறகு ஆரணியின் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

அடுத்த நாள் காலை கோட்ஸுக்குச் சாந்தாவைக் கூட்டிப்போக மனம் வராமல், தனியாக எல்லாம் கொண்டுபோனேன். பிறப்புச் சாட்சிப் பத்திரம், படங்கள், பள்ளிக்கூட ரிப்போர்ட். பொலிஸ் தரப்பில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள்: தமிழ்ப் பிள்ளை, வாய் திறக்கவுமில்லை. ஆகவே குடும்பத்தைப் பற்றிப் பாதுகாப்பு அறிக்கை வர வேண்டும். அது வரும்வரை பிள்ளை இல்லத்தில் இருக்கட்டும். வர எவ்வளவு காலம்? சொல்ல முடியாது.

ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். நடைமுறையோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அப்போதுதான் ஒரு பெண்மணி எழும்பினார். நன்னடத்தை அதிகாரி. இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். ஐம்பதைக் கடந்தவர், பருத்திச் சேலை, கையில் குடை. இங்கே அவரை மல்லிகா மிஸ் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயரை எழுதினால் கோபிப்பார். சிங்களவர்.

"சேர், நேற்று அதே தெருவில் எடுத்த மற்றப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அறிக்கை கேட்டார்களா?"

"அவர்கள் பேரும் விலாசமும் சொன்னார்கள்" என்றார் பொலிஸ்காரர்.

"அவர்களிடம் அவர்களுடைய மொழியில் கேட்டீர்கள். இந்தப் பிள்ளையிடம்?"

நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தானே கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இவர் யார், மகள்?

அவ்வளவு சிங்களம் ஆரணிக்குத் தெரியும். ஆனாலும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்கள், சேர்" என்றார் பொலிஸ்காரர் மெதுவாக.

மல்லிகா மிஸ் என்னைப் பார்க்கவில்லை. என் மகளின் கண் போன இடத்தைப் பார்த்திருக்கிறார். பொலிஸ்காரரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்ல முடியுமா என்று நீதவானிடம் கேட்டார். அவர் போனார். பிறகு மிஸ் என் பக்கம் திரும்பி, தமிழில்... நல்ல மலைநாட்டுத் தமிழில்! முதல் வேலை பதுளைத் தேயிலைத் தோட்டங்களிலாம்.

"நீங்க காலையிலேருந்து இங்கிலீஸ் பேசுறீங்க, சிங்களம் பேசுறீங்க. வீட்டுல அப்படியா பேசுவீங்க?"

"இல்லை, மிஸ்."

"அப்ப வீட்டுல பேசுற மாதிரி புள்ளகிட்ட பேசுங்க. சத்தமா பேசுங்க."

சத்தமாகத் தமிழா? கோட்ஸிலா? பஸ்ஸில்கூடச் சிங்களத்தில் 'பஹினவா' என்று மட்டும் சொல்லி இறங்குகிற ஆள் நான். ஆனால் அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. அப்பாவே இங்கே தமிழில் வாய் திறக்கவில்லை. ஆகவே ஆபத்து இன்னும் முடியவில்லை. பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"ஆரணி, இஞ்ச கதைக்கலாமம்மா" என்றேன். திரும்பவும், உரத்து: "இஞ்ச கதைக்கலாம்!"

அவள் நிமிர்ந்தாள். "பேருமா?"

"ஓம், பேரும்."

"வீட்டு நம்பருமா?"

"எல்லாம் சொல்லலாம்."

அணை உடைந்தது. "இவர் என்ட அப்பா. கையை இவர்தான் விட்டவர், நான் விடேல்ல. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்ல அப்பா, ஜீப்புக்குள்ளயும் சொல்லேல்ல. இரவு பாணும் பருப்பும் தந்தவை, பருப்பில உறைப்பே இல்ல. அம்மா எங்க?"

நீதவான் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் மொழிபெயர்த்தார்: "இவர்தான் அப்பாவாம், சேர். கையை விட்டவரும் இவர்தானாம். இரண்டிலும் பிள்ளைக்குச் சந்தேகமில்லை."

நீதவான் சிரித்தார். அறிக்கை வருகிறபோது வரட்டும், பிள்ளை இன்றைக்கே போகட்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே வராந்தாவில் மிஸ்ஸுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தேன். அவர் குடையால் தட்டாத குறையாக என்னை நிறுத்தினார்.

"என் மகனும் பொலிசப் பாத்தா பேசமாட்டான். அவன் பேசலன்னா, பயந்துட்டான்னு எழுதுவாங்க. உங்க புள்ள பேசலன்னா, எதையோ மறைக்குதுன்னு எழுதுவாங்க. ரெண்டும் ஒரே பயம்தாங்க."

இந்த நாட்டைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கு ஒருநாளும் எழுத வரவில்லை.

அன்று பின்னேரம் சாந்தாவையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனோம், நன்றி சொல்ல. அங்கிருந்த மேற்பார்வைப் பெண்மணிக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆரணியைத் தன் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து, காலையில் தலை இழுத்து இரட்டைப் பின்னலும் போட்டுவிட்டிருந்தார். சாந்தா அவருடைய கையைப் பிடித்து அழுதாள். அவரும் அழுதார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளை நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சிங்களப் பிள்ளை வந்தால், ஒரு மத்தியானம் உட்கார்ந்து கதைத்து வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளை வந்தால் மல்லிகா மிஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். மிஸ்ஸோ பல இல்லங்களுக்கு ஓடுகிற ஒரே ஆள். இதற்கிடையில் 'பதில் சொல்லவில்லை' என்று எழுதப்பட்டு, சில பிள்ளைகள் அங்கேயே வளர்ந்துவிடுகிறார்கள்.

"சனிக்கிழமையில வந்து பேசிட்டுப் போங்களேன்" என்றார் மிஸ்.

போகிறோம். முதல் சனிக்கிழமை, தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்த ஒரு பிள்ளையோடு சாந்தா கதைத்தாள். பேர் செல்வி. இல்லத்துக்கு வந்து மாதக்கணக்காகிறது. அந்த வீடு தமிழ் வீடு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாந்தாவின் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுச் செல்வி முதலில் செய்தது, வாயைப் பொத்திச் சிரித்ததுதான். "கதைக்கிறதா? பேசுறதுன்னு சொல்லுங்க அக்கா!" பிறகு தோட்டத்தின் பேரைச் சொன்னாள். மிஸ் அங்கே ஆள் அனுப்பினார். போன கிழமை தாய் ரயிலேறி வந்து கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது மிஸ் தன் அலுவலகத்தோடு மல்லுக்கட்டி ஒரு காரியம் செய்திருக்கிறார். தமிழ் தெரிந்த ஒருவர் கதைத்துப் பார்க்காமல், அவருடைய பகுதியில் எந்தத் தமிழ்ப் பிள்ளையைப் பற்றியும் இனி அறிக்கை எழுதக்கூடாது. ஒரு பகுதிதான். சின்னக் காரியந்தான். எங்கள் வீட்டில் இரவு விளக்கணைத்த பிறகும் ஒரு பிள்ளை வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பதை நான் கேட்டபடி படுத்திருக்கிறேனே... அந்த அளவு பெரிய காரியமும்தான்.

ஆனால் சனிக்கிழமைகளில் ஆள் போதவில்லை. விருப்பமானவர்கள் எனக்கு எழுதுங்கள். படிப்பு, பதவி ஒன்றும் தேவையில்லை. தமிழ் தெரிந்தால் போதும்... சத்தமாகத் தெரிந்தால் இன்னும் நல்லது.