கண்ணாடிக் கடைக்காரரின் இரவல் வாய்

மூக்குக்கண்ணாடி ஃபிரேமில் காதுக்குப் போகும் கம்பியைச் சூட்டில் காட்டி, இளகியதும் வளைத்து, ஆறட்டும் என்று மேசைமேல் வைக்கிறார். அது ஆறுவதற்குள் டைரியில் ஒரு பக்கம். வாடிக்கையாளர் நிலைக்கண்ணாடி முன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தால் இன்னொரு பக்கம். கண்ணாடிக் கடைக்காரர் புத்தகம் படிக்கிற அழகு இதுதான்.

டைரி அவருடையது அல்ல. மீசை முளைத்த காலத்திலிருந்து அவர் விழுந்து விழுந்து சிரித்துப் படித்த நகைச்சுவை எழுத்தாளர் ஒருவருடையது. ஆள் போய்ச் சேர்ந்த பிறகு டைரிகளைத் தலையணை கனத்தில் அச்சுப் போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரருக்கும் வாய் சும்மா இருக்காது. "கண்ணாடி போட்டா நம்ம மூஞ்சி அழகாயிடாது சார். நம்மளப் பாத்து யார் யார் மூஞ்சி சுளிக்கிறாங்கன்னு பளிச்சுனு தெரியும்." பவர் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவரும் சிரித்துவிட்டுப் போவார். அத்தனையும் மனைவி சரக்கு. கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு துணித்திரை. சாப்பாடு போடும்போது அந்த அம்மாள் போகிறபோக்கில் சொல்வது, மறுநாளே இவர் வாயில் வியாபாரத்துக்கு வந்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டில் இவர் எடுத்துவிட்ட ஒன்றுக்குக் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தியாள் தன் அக்காவை இடித்து, "மாமா வாயில கால்வாசி உனக்கு வரலியே அக்கா" என்றாள். அக்கா புருஷனைப் பார்த்தார். புருஷன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அன்றோடு நின்றது அந்த அம்மாளின் வேடிக்கைப் பேச்சு. "சாப்பாடு ஆறுது." "குழாய் ஒழுகுது." அவ்வளவுதான். பாவி மனிதர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பழைய சரக்கே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் டைரியில் இது வந்தது: 'இன்று அனுப்பிய கட்டுரை மனைவி சொன்னதுதான். வந்த பாராட்டை அவளிடம் சொல்லவில்லை.' சில பக்கம் தள்ளி: 'வீட்டில் பேச்சு அடங்கிவிட்டது. எழுத நல்ல அமைதி. எழுதத்தான் ஒன்றும் இல்லை.'

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொரு தரம் படித்தார். கல்யாண வீட்டில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தது ஞாபகம் வந்தது.

புத்தகத்தோடு உள்ளே போய் அதை வாசித்துக் காட்டினார். அந்த அம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்? கடையில ஆள் நிக்குது பாருங்க."

"ஏதாவது ஒண்ணு சொல்லேன். முன்ன மாதிரி."

"மறந்துபோச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

இன்று ஒரு பஸ் டிரைவர் வந்து உட்கார்ந்தார். "தூரத்துல இருக்கிறதெல்லாம் தெரியுதுண்ணே. பக்கத்துலதான் மங்கல்."

"என் வீட்டுக்காரி ஒண்ணு சொல்லுவா" என்று கடைக்காரர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "'உங்களுக்கும் அதே வியாதிதான். தெருமுனையில வர்ற கஸ்டமர் தெரியும், எதிர்ல நிக்கிற நான் தெரியமாட்டேன்'னு. நான் சொன்னதில்லைங்க. அவ சொன்னது."

டிரைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து ஓடி, அது உள்ளே போகட்டும் என்று திரையை ஒரு கையால் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே காய் நறுக்கும் சத்தம் நிற்கவில்லை. இவரும் கையை இறக்கவில்லை.