பெத்த வயிறும் பக்தவத்சலம் சாரும்

புதுப்பட்டினத்தில் பக்தவத்சலம் சாரைத் தெரியாதவர் கிடையாது. இயற்பியல் வாத்தியார். பாடம் நன்றாகவே நடத்துவார். ஆனால் மைக்கைக் கண்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது.

2004 ஆடித் திருவிழாவில் மேடையேறி குவாண்டம் இயற்பியல் பேசினார். பிணைந்த இரண்டு துகள்களை எத்தனை தூரம் பிரித்தாலும், இங்கே ஒன்றை அளந்தால் வரும் விடைக்கு அங்கே மற்றதன் விடையும் ஒத்துப்போகும். அது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தனுப்பிய விடையும் அல்ல என்றார். கூட்டம் கொட்டாவி விட்டது. சாருக்குப் பொறுக்கவில்லை.

"அதனாலதான் புள்ளைக்கு ஒண்ணுன்னா பெத்த வயிறு துடிக்குது! விஞ்ஞானமே சொல்லுது!" என்று ஒரே போடாகப் போட்டார்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. எந்த விஞ்ஞானமும் அப்படிச் சொல்லவில்லை என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்தது. கடற்கரைக்கு கிரிக்கெட் ஆடப் போன பிரவின்குமார் திரும்பவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத உடல்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் அம்மா, இட்லிக் கடை சங்கரி, வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் தம்பி வரதன் சாரிடம் ஓடி வந்தான். "நீ வந்து சொல்லு சார். நீ சொன்னாத்தான் அக்கா கேக்கும்."

சாரைப் பார்த்ததும் சங்கரிக்கு முகம் மலர்ந்தது.

"வா சார். இவங்கல்லாம் பேஜாரு பண்றாங்கோ. எம்புள்ள உசுரோட கீறான். என் வவுறு துடிக்கவே இல்லியே. நீதான சார் சொன்ன?"

உண்மையை அங்கேயே உடைத்திருக்க வேண்டும். சுற்றிலும் ஊரே நின்றது. மனிதருக்கு வெட்கம் வாயை அடைத்துவிட்டது.

"ஒரு பக்கத்தை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. ரெண்டு பக்கத்தையும் சேத்துவெச்சுப் பாத்தாத்தான் தெரியும். வாங்க, போய்ப் பாத்துடலாம்" என்றார்.

பிணைந்த துகள்களின் கணக்கும் அதுதான்; இந்த முறை இயற்பியலைச் சரியாகத்தான் சொன்னார். தன் பொய்யை மட்டும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கினார்கள். பிரவின்தான். சங்கரி அழவில்லை. தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இட்லி ஊத்திகினு, ரேடியோ கேட்டுகினு இருந்தேன் சார். இவன் அங்க சாவறப்போ, என் வவுத்துக்கு ஒண்ணுமே தெரியல. நான்லாம் இன்னா தாயி சார்?"

பக்தவத்சலம் கூசிப்போனார். "அது பொய்ம்மா. கைதட்டுவாங்கன்னு சொன்னேன். யார் வயித்துக்கும் தெரியாது" என்றார். உடல்களை அடையாளம் பார்க்க வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லவன் சார். என்னைத் தேத்தறதுக்காவ இப்போ பொய் சொல்ற" என்றாள்.