ஒன்றுக்கு நான்கு

பாறசாலையில் எங்கள் சபைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட, சபையாரே கலவை போட்டோம். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு. ஆண்கள் பெரிய சட்டியால் நான்கு சட்டி மணல் கொட்ட, பெண்கள் அதில் பாதியளவுள்ள சட்டியால் ஒரு சட்டி சிமெண்ட் கொட்டினோம். சட்டென்று எனக்குப் பொறி தட்டியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"ஒண்ணுக்கு நாலு சரியாத்தானே உண்டு, மக்கா?" என்றார் பக்கத்து வீட்டு ராஜன் அண்ணன்.

"ஒரே சட்டியில அளந்தாத்தான் அண்ணே அது நாலு. இது எட்டாக்கும். தொட்டி நிக்காது."

அவர் பெரிய சட்டியை என்னிடமே நீட்டினார். குறைவாக விழுந்திருந்த சிமெண்டை நானே அளந்து சேர்த்தேன்.

விகிதத்துக்கு அலகு இல்லை என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இரண்டையும் ஒரே அளவால் அளந்தால்தான் அலகு மறையும் என்பது அன்றுதான் கைக்கு வந்தது.

தொட்டி இன்றுவரை ஒழுகவில்லை. அதில் என் பெயர் இல்லை, கலவை என்னுடையது.