கிணற்றடியில் சொன்னது

“ஒரு குறையும் இல்லைப் பிள்ளை.”

என் மடிக்கணினியில் இருந்த ஒலிப்பதிவுகள் எல்லாம் இந்த வசனத்தில்தான் போய் முடிந்தன. குரல்தான் வேறு. ஒருவர் இருமிக்கொண்டு சொல்லுவார், இன்னொருவர் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப் போயிற்று.

பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தராக இருந்துகொண்டே சமூகப்பணியில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தேன். “நீ செய்யிற வேலையும் உதுதானே. பிறகு என்னத்தைப் புதுசாப் படிக்கிறது?” என்று அம்மா கேட்டா. எங்கள் கந்தோரில் முதியோருக்கான உதவிகளுக்குப் பெயர்களைத் தெரிவுசெய்யும்போது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களை முதலிலேயே தள்ளிவிடுவார்கள். “உவைக்கென்ன குறை? கனடாக் காசு வருகுதுதானே” என்று ஒரு சிரிப்பு வேறு. பெரிய வீடும் பூட்டிய கேற்றுமாகத் தனித்துக் கிடக்கும் மனிதர்களைப் பார்க்கவும் அரசாங்கத்துக்குக் கடமை இருக்கிறது என்று நான் வாதாடினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்து நிரூபித்தால் கேட்பார்கள் என்று நம்பினேன். அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்.

உடுவிலில் இருந்து ஸ்கூட்டியில் வட்டுக்கோட்டைப் பக்கம் போவேன். வெயில் மண்டையைப் பிளக்கும். கேற்றைத் தட்டினால் முதலில் நாய் வரும், பிறகு மனிதர் வருவார். நல்ல மனிதர்கள். கதிரை போடுவார்கள், மகளின் கலியாணப் படம் காட்டுவார்கள். கேள்வியைத் தொடங்கினால் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் மாறிவிடும். ஒரு குறையும் இல்லை.

கொழும்பில் இருந்த என் மேற்பார்வைப் பேராசிரியர் பொறுமைசாலி. அவருக்கே பொறுமை போயிற்று. ஒன்றில் உன் கருத்துப் பிழை, இல்லாவிட்டால் உனக்குக் கேட்கத் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் நயமாகச் சொன்னார். கடைசித் தவணை நீடிப்பும் வாங்கியாயிற்று. சம்பளமில்லா லீவும் அதோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருடப் பாடும் மண்ணாகப் போகும்.

அந்த நிலையில்தான் ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற ஆசிரியை, கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் கனடாவில். நேர்காணலின்போது வேறு ஆட்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது ஆய்வு விதி. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் அயல் சும்மா இருக்குமா? மதிலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பல்லைக் காட்டிக் கதைத்து அனுப்பிவிட்டு, முன்கதவையும் சாத்தினேன். இனி ரீச்சரும் நானும் மட்டும்தான் என்று எனக்குள் ஒரு பெருமை.

“சாப்பாடு, குளிப்பு எல்லாம் எப்பிடி ரீச்சர்?”

“ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. நேரத்துக்குச் சமைப்பன், நேரத்துக்குச் சாப்பிடுவன்.”

மேசையில் கிடந்த போன் அடித்தது. ரீச்சர் ஸ்பீக்கரில் போட்டா.

“அம்மா, ஆர் உது? ஏன் கதவைச் சாத்தினது?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். சாமிப்படங்களுக்கு மேலே, சுவர் மூலையில், வெள்ளை நிறத்தில் உருண்டையாக ஒரு கமரா. அதை நான் புதிதாகக் காணவில்லை. போன வீடுகள் எல்லாவற்றிலும் கண்டிருந்தேன். கள்ளருக்குப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதற்குக் கீழேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்திருக்கிறேன். அயலட்டையைக் கலைக்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. அந்த முதியவர்கள் ஒருவரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

இரகசியம் காப்போம் என்று உறுதி கொடுத்து எடுத்த பதிவுகள் அவை. இனி ஒன்றுக்கும் உதவாது. அந்த மேசையில் தலையைக் கவிழ்த்து அழவேண்டும்போல் இருந்தது. அதையும் மகள் பார்ப்பாள்.

மகளுக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு ரீச்சர் போனை வைத்தா. “பிள்ளைக்குக் கை கழுவ வேணும் போலை கிடக்கு. வா, கிணத்தடிக்குப் போவம்,” என்றா. ஒலிப்பதிவுக் கருவியை நான் எடுக்கப் போக, “உது உங்கையே கிடக்கட்டும்,” என்றா.

ஒரு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து ரீச்சர் நடந்தா. கிணற்றடியில் வாழைகளுக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தினா. “இதுக்குள்ளை அவளின்ரை கமரா வராது,” என்று சொல்லி, கதைக்கத் தொடங்கினா.

சமைத்து எவ்வளவோ காலம். விரல்களுக்குள் கத்தி நிற்பதில்லை. பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவா. மகள் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் வெறும் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்து, கமராவுக்கு முதுகைக் காட்டி இருந்து, கையை வாய்க்குக் கொண்டுபோவா. குளியலறையில் விழுந்ததிலிருந்து முழுகப் பயம். தலைமயிரை மட்டும் நனைத்து, துவாயைச் சுற்றிக்கொண்டு கமராவுக்கு முன்னால் ஒரு நடை நடப்பா.

“மகளிட்டைச் சொன்னால் என்ன ரீச்சர்?”

“அவள் ரெண்டு வேலை செய்யிறாள். தெரிஞ்சால் வேலையை விட்டிட்டு ஓடி வருவாள், இல்லாட்டி என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்திலை விடுவாள். ரெண்டையும் நான் தாங்கமாட்டன்.”

நான் தேடி அலைந்தது முழுக்க அந்தக் கல்லில் குந்தியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அந்த மனிசியின் துன்பத்தைக் கேட்டபோது என் நெஞ்சு சந்தோஷத்தில் அடித்தது.

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதி அனுப்பினேன். இப்போதுதான் உன்னிடம் ஓர் ஆய்வு இருக்கிறது என்று பேராசிரியர் பதில் போட்டார். அனுமதி மட்டும் வாங்கிவிடு, பெயரை எடுத்துவிடு, போதும் என்றார்.

இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு இந்த முறை கமராவுக்குத் தெரியாமல், வளவின் பின்படலையால் போனேன். எழுதியதைக் கிணற்றடியில் வைத்தே ரீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டா.

“பெயர் வராது ரீச்சர். ஊரும் வராது.”

“வெறுங்கோப்பை வருகுதுதானே? என்ரை முதுகை ஒவ்வொரு நாளும் பாக்கிறவள் அவள். ஒரு வரி வாசிச்சாக் காணும், நான்தான் எண்டு பிடிச்சிடுவாள்.” கொஞ்ச நேரம் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: “நான் செத்தாப்பிறகு எழுது பிள்ளை. அப்ப எனக்கென்ன.”

அவ கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி காட்டுகிற மாதிரித்தான் சொன்னா.

அதன் பிறகு பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? வேறு வீடுகளுக்கு ஓடினேன். “உங்கடை கிணத்தடியை ஒருக்காப் பாக்கலாமோ?” என்று விசரி மாதிரிக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சில வீடுகளில் கிணற்றடிக்கும் ஒரு கமரா இருந்தது. கதைத்த ஓரிருவரும் கருவியைக் கண்டவுடன் வாயை மூடினார்கள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. காலையில் பேப்பர் வந்தால் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் விரித்தேன். வட்டுக்கோட்டை என்று கண்டால் விரலை வைத்து வரிவரியாக வாசிப்பேன். ரீச்சரின் படம் இல்லை என்று தெரிந்ததும் வருகிற மூச்சு நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கே பிடிபடாது. ஒரு நாள் அது ஏமாற்றம்தான் என்று நன்றாகத் தெரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் இருந்து அழுதேன். நான் வணங்கிக் கும்பிட்டுத் தொடங்கிய படிப்பு என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது.

கடைசி நாள் மத்தியானம், ஆய்வேடு முழுதாகக் கணினியில் இருந்தது. ரீச்சர் சொன்னதை எழுதிய அந்த அத்தியாயத்தோடு அனுப்பினால் நான் கலாநிதி. மகள் எங்கே இதை வாசிக்கப் போகிறாள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனால் கமராவுக்கு முன்னால் நனைந்த தலையோடு நடக்கிற அந்த நடை கண்ணுக்குள் வந்து நின்றது. அத்தியாயத்தை அழித்தேன். அது இல்லாத ஆய்வேட்டில் ஒன்றும் இருக்கவில்லை. விலகுகிறேன் என்று பேராசிரியருக்கு எழுதினேன். எனக்கு ஒரு பெருந்தன்மையும் தோன்றவில்லை. ரீச்சர் மீதே கோபம் வந்தது.

சில நாள் போகவில்லை. பிறகு, பிஸ்கற்றோடு கிடப்பாவே என்ற நினைப்பு விடவில்லை. புட்டு அவித்து எடுத்துக்கொண்டு போனேன். பின்படலை பூட்டியிருந்தது. முன்கதவால்தான் போனேன். ரீச்சர் மண்டபத்தில், கமராவுக்கு நேரே கதிரையில் இருந்தா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வா பிள்ளை. என்ன, படிப்பு முடிஞ்சுதோ? இனி டொக்டர் எண்டு கூப்பிடலாமோ?”

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஓம் ரீச்சர். எல்லாம் நல்லா முடிஞ்சுது. ஒரு குறையும் இல்லை.”

ரீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கதிரைக் கையைப் பிடித்து, மெல்ல மெல்ல எழும்பினா.

“உனக்குக் கை கழுவ வேணும் போலை கிடக்கு,” என்றா. “வா பிள்ளை, கிணத்தடிக்குப் போவம்.”