1204-இல் கொள்ளையடித்தது யார்

கீழை ரோமானியர்களைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது கொஞ்சம்தான். ஆனாலும் அவர்களைப் பற்றிப் பாடம் எழுதியது நான்தான். கடலூரில் தபால் வழியாக வரலாற்று டிப்ளமோ நடத்திய ஒரு சின்னக் கல்வி மையத்தில், 2005-இல் தற்காலிக ஆசிரியை வேலை. வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். குடிகாடு வந்தால் ரசாயன ஆலை நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நாலே நாளில் பாடத்தை முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். 1204-இல் அவர்களின் தலைநகரமான கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தவர்கள் துருக்கியர் என்று எழுதித் தொலைத்தேன்.

உண்மையில் அது சிலுவைப் போருக்கென்று கிளம்பி வந்த மேற்கத்தியக் கிறிஸ்தவர்களின் வேலை. தாங்கள் கும்பிடுகிற அதே சாமியைக் கும்பிடுகிற ஊரைச் சூறையாடினார்கள். துருக்கியர் அந்த நகரத்தைப் பிடித்தது கிட்டத்தட்ட இருநூற்றைம்பது வருஷம் கழித்து. பாடம் அச்சாகி வந்த பிறகுதான் ஒரு நூலகப் புத்தகத்தில் இதைப் படித்தேன். மையத்தின் பொறுப்பாளரிடம் பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தேன். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், இதையெல்லாம் யார் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்றார்.

விடைத்தாள் திருத்தவும் என்னையே போட்டார்கள். 1204-இல் கொள்ளையடித்தது யார் என்ற கேள்விக்கு இரண்டு மார்க். விடைக்குறிப்பிலும் துருக்கியர்தான். கட்டுக் கட்டாகத் துருக்கியர். சரி சரி என்று டிக் போட்டுப் போட்டு எனக்கே என்மேல் சலித்துவிட்டது. ஒரே ஒருத்தர் சரியாக எழுதியிருந்தாலும் போதும், வேலை போனால் போகட்டும், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாள் வந்தது. சிலுவைப் போர் வீரர்கள் என்று எழுதி, அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் துருக்கியர் என்று எழுதியிருந்தது.

பொறுப்பாளரிடம் எடுத்துப் போய், இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன். விடைக்குறிப்பை மாற்றச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடித்த பதிலுக்கு மார்க் கிடையாது என்று ஞாபகப்படுத்திவிட்டு, முதல் பக்கத்துக் கூட்டலைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு மார்க் இல்லன்னா இவுரு ஃபெயிலும்மா. நீங்க சொல்றாப்புல மாத்துனா மொதல்ல போறது இவுருதான். மாத்தட்டுமா?"

தாளை வாங்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். துருக்கியருக்கு டிக் அடித்து இரண்டு மார்க் போட்டேன். எழுதினவர் யாரோ எவரோ. தனக்குத் தெரிந்ததை அடித்துவிட்டு என்னை நம்பியிருக்கிறார்.