விளங்கின கை

அம்மனின் பிள்ளைகளே, என் வலது கை விழுந்துபோன கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் முழுக்க அதைச் சொன்னதே நீங்கள்தான். திரும்பி வந்த கதையை மட்டும் என் வாயால் கேளுங்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் நம் கோயிலில் கூழ் ஊற்றியது நான். என் நாத்தனார் வரிசையில் கடைசியாக வந்தாள். அண்டா காலி. "உன் கை விளங்காமப் போவ" என்று சந்நிதி முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குனியில் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். உப்பு இழுக்கும் பலகை கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவள் பாத்தியிலேயே விழுந்தேன். பக்கவாதம். வலது கை கட்டை மாதிரி தொங்கியது.

பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு. சந்நிதியில் சொன்ன வாக்கு பலித்துவிட்டதாம். அடுத்த ஆடியில் கூழ் அகப்பையை அந்த நாத்தனாரிடமே கொடுத்தீர்கள். கை விளங்காதவள் ஊற்றினால் ஊருக்கு ஆகாதாம். என் வீட்டுக்காரர் எனக்குச் சோறு ஊட்டுவார். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு அழுகை வரும். தாயே, அவள் சொன்னது உன் காதில் விழுந்ததே, நான் கேட்பது விழவில்லையா என்று தினமும் சண்டை போட்டேன். கை வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அம்மன் கனவில் வரவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் என்னை ஒரு டிவி முன்னால் நிறுத்தினாள். வீடியோ கேமாம். கையில் எதையும் பிடிக்க வேண்டாம், நாம் அசைவதைக் கேமரா பார்த்துக்கொள்ளுமாம். இத்தனை வேண்டுதலுக்கும் பலன் பிள்ளைகள் விளையாட்டா?

திரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஓட்டை விழும். அதற்கு நேராகக் கையைக் கொண்டுபோனால் அடைபடும். முதலில் போன நாளெல்லாம் இடது கையாலேயே அடைத்தேன். ஒரு நாள் இடது கை ஒரு ஓட்டையில் இருக்கும்போதே வலது பக்கம் பீறிட்டது. உப்பளத்தில் வரப்பு உடைந்தால் யோசிக்கவா நேரம்? சேற்றை அள்ளி அப்ப வேண்டியதுதான். "ஐயோ, வரப்பு போச்சே" என்று கத்திவிட்டேன்.

"அக்கா, கையப் பாருங்க" என்றாள் அந்தப் பெண்.

வலது கை இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் மாசக்கணக்கில் பஸ் ஏறிப் போய் விளையாடினேன். தோள் வந்தது, முழங்கை வந்தது, கடைசியில் பிடி வந்தது. சுண்டுவிரல் இன்னும் மடங்காது. அதோடுதான் உப்பு வாருகிறேன். சோற்றை நானே பிசைந்து தின்கிறேன்.

இந்த ஆடியில் அகப்பையை நானே போய் எடுத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. நாத்தனார் தூக்குவாளியை நீட்டினாள், தலை நிமிரவில்லை. வழிய வழிய ஊற்றினேன். "போதும் அண்ணி" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கையை அவள் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஊற்றினேன்.

உங்களில் யாராவது இன்று படுக்கையில் கிடந்தால் தாயை நம்புங்கள். பிள்ளைகள் விளையாட்டின் உருவில் அவள் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போங்கள். பார்க்க வருகிறவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அன்றைக்கு அந்தச் சாபத்தைக் காது கொடுத்துக் கேட்டது தாய் இல்லை, நீங்கள்.