ஓவனுக்குத் தைத்த சட்டை

உம்மல் குல்சும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முட்டையைப் பற்றித்தான் பேசுவாள். சுத்த சைவ வீடாக இருந்தாலும் விடமாட்டாள். ஓட்டோடு முட்டையை ஓவனுக்குள் வைத்தால் வெடிக்கும் என்று அவள் ஆரம்பிக்க, அந்த வீட்டு அம்மா முகத்தைச் சுளிக்க, சரி, உருளைக்கிழங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதையும் முள்கரண்டியால் நாலு குத்துக் குத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று கூசாமல் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழு அது. கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் வெங்கடபதியின் கடை. மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் என்று விற்றுக்கொண்டிருந்தவர் அந்த வருஷம் மைக்ரோவேவ் ஓவனையும் இறக்கினார். வாங்கிப்போனவர்களில் பாதிப் பேர் அதற்குள் ரொட்டியையும் பிஸ்கட்டையும் வைத்துப் பூட்டினார்கள். மீதிப் பேர் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து பட்டனை அமுக்கி, உள்ளே படபடவென்று பொறி பறந்ததும் மெயினை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். இது சரிப்படாது, வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று வெங்கடபதி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உம்மல் குல்சும் மிக்சி ஜாருக்கு வாஷர் வாங்கக் கடைக்கு வந்தாள்.

வந்தவள் வாஷரை மறந்துவிட்டாள். கடையில் விற்பனைக்கு நின்றவர் கையை எட்டின மட்டும் நீட்டி, மர ஸ்கேலின் நுனியால் ஓவனின் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாம்பா அது, கொத்துவதற்கு? ஓவனோடு வந்திருந்த புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கிப்போனாள். அவள் கணவர் ஷேக் பரீத் துணிக்கடையில் பில் போடுகிறவர். ஓரளவு இங்கிலீஷ் வாசிப்பார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரை எழுந்திருக்கவிடாமல் உட்காரவைத்துப் புத்தகம் முழுவதையும் தமிழில் சொல்லவைத்தாள். மூன்றாம் வாரம் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அதுவரைக்கும் கோட்டைமேட்டு வீட்டில் உட்கார்ந்து தையல் மெஷின் மிதித்தவள். முப்பத்தெட்டு வயசு. இப்போது முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, துண்டில் சுற்றிய இரண்டு பீங்கான் கிண்ணங்களோடு டவுன் பஸ் ஏறினாள். கோட்டைமேட்டில் பீங்கானுக்குப் பஞ்சமில்லை. கவுண்டர் வீடுகளில் பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி ஒன்றுதான். மற்றதெல்லாம் பேர் வெட்டின எவர்சில்வர். ஆகவே கிண்ணத்தையும் அவளே சுமந்தாக வேண்டும். அதிலும் ஓரத்தில் தங்கக்கோடு போட்டது ஆகாது, அதுவும் பொறி கிளப்பும் என்று தன் கல்யாணத்துக்கு வந்த அருமையான செட்டை ஒதுக்கிவிட்டு வெறும் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துவைத்திருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் சொல்லிக்கொடுக்கிற அழகே தனி. மூடியை இறுக்கி மூடாதீர்கள், ஆவி போக வழி வேண்டும். உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டாதீர்கள். பாதியில் நிறுத்தி ஒரு கிண்டு கிண்டுங்கள், இல்லையென்றால் ஓரம் கொதிக்கும், நடுவில் ஜில்லென்று இருக்கும். மணி அடித்ததும் பாயாமல் இரண்டு நிமிஷம் விடுங்கள், சூடு உள்ளேயே பரவி வெந்துகொள்ளும். வெறும் தண்ணீரை ரொம்ப நேரம் வைத்தால் சாதுவாக இருந்துவிட்டு, எடுக்கும்போது குபீரென்று பொங்கிக் கையைச் சுட்டுவிடும். அதனால் உள்ளே ஒரு மரக்கரண்டியைப் போட்டுவையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளி வையுங்கள். இந்தக் கடைசிப் பாடத்துக்குக் காரணம் என்னவென்று யாரும் கேட்டதில்லை. புத்தகத்தில் போட்டிருந்தது, அவள் சொன்னாள், அவ்வளவுதான்.

வேலை தற்காலிகம். தீபாவளிக்கு நிரந்தரமா இல்லையா என்று சொல்வதாக வெங்கடபதி சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் பேர் போட்ட விசிட்டிங் கார்டு உண்டு. அந்தக் கார்டின் மேல் உம்மல் குல்சுமுக்கு இருந்த ஆசையைச் சொல்லி மாளாது. ஒவ்வொரு வீட்டிலும், இனி ஏதாவது சந்தேகம் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். அவள் காலண்டர் தாளைக் கிழித்துக் கடை நம்பரை எழுதிக்கொடுப்பாள். ஆயுசில் முதல்தடவையாக ஊர்பேர் தெரியாத வீடுகளில் அவள் வருகைக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மெஷினடியில் போய் உட்கார அவளுக்கு மனசே இல்லை.

அந்த ஆர்வத்தில்தான் சட்டை யோசனை வந்தது. போகிற வீட்டிலெல்லாம் பார்த்தாள்: டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, டெலிபோனுக்குக்கூட பூப்போட்ட உறை. புது ஓவன் மட்டும் பாவம், வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தது. தையல்காரியின் கை சும்மா இருக்குமா? சென்னிமலை பெட்ஷீட்டில் வெட்டுத்துண்டுகள் வாங்கி, கடையில் அளவெடுத்து, மேலும் பக்கமும் பின்னும் கச்சிதமாகப் பிடிக்கிற மாதிரி ஓவனுக்கு ஒரு சட்டை தைத்தாள். கதவுக்கு ஒரு மடிப்பு, பட்டன்களுக்கு ஒரு ஜன்னல், மூலையில் ஒரு மாங்காய் எம்பிராய்டரி. பாடமெல்லாம் முடிந்தபிறகு, கடைசியில் அதைப் போர்த்தி டிச்பட்டன் போடுவாள். போட்டுவிட்டுப் பெருமையாகச் சொல்வாள்: "கழட்டவே வேண்டியதில்லீங்க. அப்படியே ஓட்டிக்கலாம்."

வீட்டு அம்மாக்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெங்கடபதி கடை வாசலில் ஓவனுக்குச் சட்டை இனாம் என்று போர்டே வைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் பன்னிரண்டு ஓவன்கள் சட்டை போட்டுக்கொண்டு ஊரெல்லாம் குடிபோயின.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. பால் காய்ச்சினால் ஒன்றுமில்லை. சோறு, குழம்பு என்று கொஞ்சம் நேரம் ஓடினால் பொசுக்கென்று நின்றுவிடுகிறது, அரைமணி கழித்துத் தானாக உயிர் வருகிறது என்றார்கள். இரண்டு ஓவன் கடைக்கே திரும்பி வந்தது. மெக்கானிக் ரூபன் சட்டையைக் கழற்றி, மரியாதையாக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஜம்மென்று ஓடியது. கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது. அப்படியென்றால் கோளாறு ஓவனில் இல்லை, வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கிற ஆளிடம்தான் என்று வெங்கடபதி முடிவுகட்டினார். மூன்றாவதாக ஒன்று திரும்பி வந்தால் இந்த வேலையே வேண்டாம் என்று அவளிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் கணபதி ஏரியாவிலிருந்து போன். மோட்டார் பட்டறை அரங்கசாமியின் வீட்டுக்காரம்மா மாசாணியம்மாள். கோபமே படாமல், ஓவனை வந்து எடுத்துப்போகும்படி தன்மையாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று உம்மல் குல்சுமுக்கு இருந்தது. இந்தத் தடவை வெங்கடபதியும் கூடவே வேனில் ஏறிக்கொண்டார்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. ஹாலில் வெங்கடபதிக்குக் காபி வந்தது. உம்மல் குல்சும் நேரே சமையலறைக்குப் போனாள். மேடைமேல் ஓவன், அவள் தைத்த சட்டையோடு. ஆயுத பூஜைக்கு அரங்கசாமி தன் கையாலேயே அந்தச் சட்டைமேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சுவரிலிருந்து அவள் சொன்னபடியே சரியாக ஒரு சாண் தள்ளி இருந்தது. மாசாணியம்மாள் அரிசிம்பருப்பு சாதத்துக்கு எல்லாம் ஊறவைத்துத் தயாராக இருந்தார். எடுத்துப்போவதற்கு முன்னால் அம்மணியே ஒரு தடவை செய்து பார்த்துவிடட்டும் என்றார். அந்த நியாயமே உம்மல் குல்சுமை இன்னும் கலங்கடித்தது.

தன் பீங்கான் கிண்ணத்தில் அரிசியும் பருப்பும் தாளிப்பும் போட்டுத் தண்ணீரும் விட்டு உள்ளே வைத்தாள். ஓவன் ஓடியது. பன்னிரண்டாவது நிமிஷம் உள்விளக்கு அணைந்து, பொசுக்கென்று நின்றது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, கண்ணெதிரே நின்றது.

மாசாணியம்மாளுக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. வீடு தேடி வந்த பெண்ணைக் கைவிட்டமாதிரி ஆகிவிடக் கூடாதே என்று அவராகவே ஒரு வழி சொன்னார். "கரண்டு கம்மியா இருக்குமுங்களா கண்ணு? எங்க ஊட்டு லைட்டே சாயங்காலமானா அழுது வழியுது."

ஹாலிலிருந்த வெங்கடபதி இதைப் பிடித்துக்கொண்டார். அதேதான், ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், நாளைக்கே அனுப்புகிறேன் என்று எழுந்தே வந்துவிட்டார்.

உம்மல் குல்சுமுக்கு மூச்சு வந்தது. தலையாட்டினால் போதும், வேலை தப்பித்தது. தலையாட்டப்போன அதே நேரம், முன்னாலிருந்த பட்டறையிலிருந்து அரங்கசாமியின் சத்தம் கேட்டது. யாரோ ஒரு லேத்துக்காரர் வேர்வைச் சட்டையைக் கழற்றி ஓடுகிற மோட்டார்மேல் காயப்போட்டிருந்தார். "ஏனுங்க, மோட்டார் மேல துணி போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? பின்னாடி காத்தாடி எதுக்கு வெச்சிருக்குது? காத்து போகாட்டி சூடேறிச் செத்துப்போகுமுங்க!"

அவள் கை தன்னால் ஓவனின் தலைமேல் போனது. துணிக்கு மேலேயே சுட்டது. டிச்பட்டன்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சட்டையைக் கழற்றினாள். பக்கவாட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டி ஓட்டைகள், பின்னால் இன்னும் கொஞ்சம். அதிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. காற்றுப் போகத்தான் ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை அவளே துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். சூடு மீறி எரிந்துபோகாமல் இருக்கத்தான் அந்த வாயில்லா மெஷின் தானாக நின்று நின்று பார்த்திருக்கிறது.

இன்னும் ஒன்பது வீடுகளில் இதே சட்டை இருந்தது. பருத்தித்துணி, சூடு, பக்கத்தில் கேஸ் அடுப்பு. ஸ்டெபிலைசர் என்று தலையாட்டினால் அந்த ஒன்பதும் அப்படியே இருக்கும்.

"கரண்டு இல்லீங்கக்கா," என்றாள். "தப்பு என்னுதுங்க. ஓவன் நல்லாத்தான் இருக்குது. நான் தெச்ச சட்டைதான் அதுக்கு மூச்சு முட்டவெச்சுப்போடுச்சு."

வெங்கடபதியின் முகம் போன போக்கை விவரிக்காமல் இருப்பதே நல்லது. சத்தம் கேட்டு உள்ளே வந்த அரங்கசாமி ஓவனைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அதில் தன் கையால் வைத்த சந்தனப் பொட்டையும் பார்த்தார். பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காற்றாடி வைக்கிறவன், சொந்த வீட்டு அடுப்படியில் இருப்பதற்குச் சட்டையைப் போட்டுப் பொட்டும் வைத்துக் கும்பிட்டிருக்கிறேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இருபது நிமிஷம் ஆறவிட்டு வெறும் உடம்போடு ஓட்டினார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அரங்கசாமி ஒரு வாய் வைத்து, உப்பு ஒரு கல்லு கம்மி, மற்றபடி சோறு சோறாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். ஓவன் அந்த வீட்டிலேயே தங்கியது.

வேன் காந்திபுரம் வந்தபிறகு, ஒரு ஸ்டெபிலைசர் விற்றிருக்கலாம் என்று வெங்கடபதி சொன்னார். இறங்கும்போது, நாளைக்கே போய் எல்லாச் சட்டையையும் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். அவருக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது.

அது லேசுப்பட்ட வேலையாக இல்லை. ஓவனைக் கொடுக்கச் சொன்னால்கூடக் கொடுத்திருப்பார்கள், சட்டையைக் கொடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் முழுக் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். பீளமேட்டில் கோமளா என்ற டீச்சரம்மா வேண்டுமானால் ஓவனை எடுத்துப்போங்கள், மாங்காய் எம்பிராய்டரியைத் தரமாட்டேன் என்று சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அதைப் பிரித்து இரண்டு தலையணை உறையாகத் தைத்துக்கொடுத்துவிட்டுத்தான் வரமுடிந்தது. திரும்பி வந்திருந்த இரண்டு ஓவன்களும் சட்டையில்லாமல் பழைய வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தன. போர்டு வாசலிலிருந்து இறங்கியது.

தீபாவளிக்கு முந்தின நாள், கூப்பிட்டுக் கணக்கை முடிக்கப்போகிறார் என்ற நினைப்போடுதான் அவள் வெங்கடபதியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவர் ஒரு ஸ்வீட் பெட்டியை நகர்த்தினார். கணபதி பட்டறை வீட்டு அம்மா போன் செய்ததாகவும், பெருந்துறையில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓர் ஓவன் வேண்டுமென்று கேட்டதாகவும் சொன்னார். கூடவே அந்த அம்மா ஒரு நிபந்தனையும் போட்டிருந்தாராம். "தப்பு என்னுதுன்னு சொன்னாளே, அந்த அம்மணியத்தான் அனுப்போணும்னு சொல்லிப்போட்டாங்க. நான் என்ன பண்றது?" என்று சலித்துக்கொண்டே இன்னொரு சின்னப் பெட்டியையும் நகர்த்தினார்.

உள்ளே நூறு கார்டு. எஸ். உம்மல் குல்சும், ஓவன் செயல்முறை விளக்குநர், கடை பேர், நம்பர். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் ஓவனைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை என்று பொடி எழுத்தில் எட்டு வரி. முட்டை மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது, எவர்சில்வர் இரண்டாவது. முதல் வரி தடித்த எழுத்தில்: ஓவன் மேல் துணி உறை போடக் கூடாது.

பேருக்குப் பின்னாலேயே தப்பையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார் மனுஷன். உம்மல் குல்சும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தீபாவளி கழிந்ததும் பெருந்துறைக்குப் போனாள். மகள் வீட்டுக்கு வந்திருந்த மாசாணியம்மாளிடம் முதல் கார்டை நீட்டினாள்; பேர் இருக்கிற பக்கத்தை அல்ல, திருப்பிப் பின்பக்கத்தை.